அப்பா விட்டுப்போன பிபிசி மைக்ரோவில் என்ன விளையாடலாம்?

கேள்வி: ஐயா, என் அப்பா பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். 1980-களில் மத்திய அரசின் திட்டத்தில் அவர் பள்ளிக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. பின்னாளில் அவற்றை ஏலம் விட்டபோது ஒன்றை அப்பாவே எடுத்து வந்தார். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டி, ஏழெட்டு கேசட்டுகள், ஒரு நாற்பது பக்க நோட்டு எல்லாம் கிடைத்தன. என் பத்து வயது மகனுக்கு அதில் விளையாட ஆசை. என் கொழுந்தன் முந்நூறு விளையாட்டுகளை இறக்கி, அந்தக் கணினி போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருளில், லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார். இருபது வரைக்கும் பார்த்தோம், ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. பையன் ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டான். ஆனால் அப்பாவும் கணக்கு வாத்தியாரும் பள்ளி விட்ட பிறகும் ராத்திரி எட்டு மணி வரை அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று அம்மா சொல்கிறார். அப்படி அதில் என்ன இருந்தது? நிஜமாகவே ரசித்து விளையாடக்கூடியவை எவை? பெட்டியை பிளக்கில் செருகிப் பார்க்கலாமா? இன்னொன்று, அந்த நோட்டில் லேவ், டிசோ, லீஸ்டி, ஸாவோன்ஸ் என்று ஆங்கிலத்தில் ஏதோ ஊர்ப் பெயர்களும் பக்கத்தில் எண்களும் இருக்கின்றன. ரீட்க்வாட் என்ற பெயரின் மேல் மட்டும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. இது என்னவென்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 1985 முதல் பள்ளிக் கணினிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். பிபிசி மைக்ரோதான் நான் முதன்முதலில் திறந்து பார்த்த கணினி. அந்த நோட்டில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

பிளக்கில் செருகாதீர்கள். "சும்மா ஒரு நிமிஷம்" என்றுகூட வேண்டாம். பெட்டிக்குள் இடது பக்கம் ஒரு தகர உறைக்குள் பவர் சப்ளை இருக்கும். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் ரிஃபா என்ற பெயர் பொறித்த இரண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கும், ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றது 0.01. உறையின் நிறம் வெல்லப்பாகு மாதிரி, உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த உறையில் கோடை காலத்து ஏரித்தரை மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். அந்த வெடிப்பு வழியாக இத்தனை வருஷமும் காற்றின் ஈரம் உள்ளே போய் காகிதத்தில் ஊறியிருக்கிறது. 230 வோல்ட் கொடுத்ததும் முதலில் ஒன்றும் ஆகாது. பத்து நிமிஷம், சில சமயம் அரைமணி நேரம் கழித்து "பட்" என்று ஒரு சத்தம் வரும், பிறகு அறை முழுக்கப் புகை பரவும். அந்த நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. ஒரு பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது இப்படி நடந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அடியில்லை, ஆனால் அந்தப் பிள்ளைகள் அதன் பிறகு அந்த மேசைப் பக்கமே வரவில்லை.

பயப்பட வேண்டியதில்லை. எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி தாங்கும் புது கெப்பாசிட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். டிவி, யுபிஎஸ் பழுதுபார்க்கும் அனுபவமுள்ள யாரும் ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நீங்களே திறந்து செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தத் தகர உறைக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

மாற்றிய பிறகு சுவிட்சைப் போட்டால் தாழ்ந்த ஸ்வரத்தில் ஒன்றும் அதையடுத்து உயர்ந்த ஸ்வரத்தில் ஒன்றுமாக இரண்டு ஒலி வரவேண்டும். அந்த இரட்டை ஒலி வந்துவிட்டால் இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒலி நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் உள்ளே ஏதோ ஒரு சில்லு சரியாக உட்காரவில்லை. பெரும்பாலும் ரோம் சில்லுகளை எடுத்துத் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்தினாலே சரியாகிவிடும். படத்துக்கு, பின்னால் உள்ள வீடியோ சாக்கெட்டிலிருந்து டிவியின் ஏவி நுழைவுக்கு ஒரு வயர் போதும். கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். அது பழுது அல்ல, வடிவமைப்பே அப்படி. உள்ளே எஸ்39 என்று குறிக்கப்பட்ட இரண்டு புள்ளிகளை ஈயம் வைத்து இணைத்தால் நிறம் வந்துவிடும்.

இப்போது விளையாட்டு விஷயம்.

இருபது விளையாட்டுகளைப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் குறை உங்களிடமோ பையனிடமோ இல்லை. எந்தப் பட்டியலை எடுத்தாலும் முன்வரிசையில் நிற்பவை அந்தக் காலத்தில் கடைகளில் காசு போட்டு விளையாடிய இயந்திரங்களின் நகல்கள். ஸ்னாப்பர் என்பது பேக்மேனின் நகல், ஆர்க்கேடியன்ஸ் கேலக்ஸியனின் நகல், ஹாப்பர் ஃப்ராகரின் நகல். 1980-களின் தொடக்கத்தில் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்ததே பெரிய சாதனை, அகார்ன்சாஃப்ட் நிறுவனம் அதை நன்றாகவே செய்தது. ஆனால் உங்கள் மகன் அதே விளையாட்டுகளின் பேரப்பிள்ளைகளைப் போனில் பார்த்து வளர்ந்தவன். நகலைக் காட்டினால் அவனுக்கு எப்படிச் சுவைக்கும்? இந்த இயந்திரத்துக்காகவே, இதன் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்கள் எழுதிய விளையாட்டுகளைத்தான் நீங்கள் தேட வேண்டும். அவற்றுக்கு இன்னும் வயதாகவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிபிசி மைக்ரோ மாடல் பி-யில் இருக்கும் மொத்த நினைவகமே 32 கேபி. எட்டு நிறமும் வரும் திரை வேண்டுமென்றால் அதற்கே 20 கேபி போய்விடும். இயந்திரம் தன் சொந்த வேலைக்கு மூன்றரை கேபி எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது எட்டரை கேபி. இன்று நீங்கள் போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் நூறில் ஒரு பங்குகூட அது வராது. அதற்குள் ஒரு உலகத்தை அடக்க வேண்டும் என்றால் படத்தை நம்ப முடியாது, எண்ணிக்கையை நம்ப முடியாது, விளையாட்டின் விதிகளை மட்டும்தான் நம்ப முடியும். அந்த நெருக்கடியில் நல்லவர்கள் கையில் விதிகள் கூர்மையாகிவிட்டன. இப்போது நான் சொல்லப்போகும் எல்லாமே விதிகளால் நிற்கும் விளையாட்டுகள்.

பையனுக்கு முதலில் சக்கி எக் போட்டுக் கொடுங்கள். 1983-இல் வந்தது, ஏ அண்ட் எஃப் நிறுவனம். கோழிப் பண்ணைக்குள் தொப்பி போட்ட ஒரு ஆள் ஏணி ஏறி, பலகை தாண்டி, ஒவ்வொரு நிலையிலும் 12 முட்டை பொறுக்க வேண்டும். கோழிகள் உலாவிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் "இவ்வளவுதானா" என்றுதான் தோன்றும். பத்து நிமிஷம் பொறுங்கள். இதே விளையாட்டு வேறு கணினிகளிலும் உண்டு, ஆனால் பிபிசி-யில் அந்த ஆளின் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் ஒரு எடை இருக்கிறது. ஓடிவந்து தாவினால் ஒரு தூரம், பலகையின் ஓரத்தில் இடித்தால் துள்ளித் திரும்புவது, விழும்போதே ஏணியைப் பிடித்துக்கொள்வது, இதெல்லாம் விரலுக்குப் பழகப் பழகச் சுகமாக இருக்கும். மேலே ஒரு கூண்டில் பெரிய வாத்து ஒன்று அடைபட்டுக் கிடக்கும். பையன் கேட்பான், "அது எதுக்கும்மா அங்க இருக்கு?" சொல்லாதீர்கள். எட்டு நிலை முடித்தால் அவனே தெரிந்துகொள்வான். நாலு பேர் வரை மாறி மாறி விளையாடலாம், அதனால் நீங்களும் உட்காருங்கள்.

எமுலேட்டரில் இதைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்திருந்தால், விசைகளைக் கவனித்தீர்களா என்று கேட்பேன். பிபிசி விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இடது வலதுக்கு இசட், எக்ஸ் விசைகள். மேலே கீழே போக வலக்கைப் பக்கம் நட்சத்திரக் குறியும் கேள்விக்குறியும் உள்ள விசைகள். அசல் விசைப்பலகையில் இந்த நான்கும் இரண்டு கைக்கும் இயல்பாக வந்து விழும். லேப்டாப்பில் நட்சத்திரக் குறி எட்டாம் எண்ணின் தலையில் உட்கார்ந்திருக்கும். அதைத் தேடித் தேடி விளையாடினால் எந்த விளையாட்டும் வெறுத்துப் போகும். எமுலேட்டரின் அமைப்புகளில் எழுத்தின்படி அல்லாமல் விசை இருக்கும் இடத்தின்படி பொருத்திக்கொள்ளும் வசதி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

சக்கி எக் பழகிய பிறகு ரெப்டன். 1985-இல் சுப்பீரியர் சாஃப்ட்வேர் வெளியிட்டது. எழுதிய டிம் டைலர் அப்போது பள்ளி வயதுப் பையன். போல்டர் டேஷ் என்ற விளையாட்டைப் பற்றிப் பத்திரிகையில் வந்த விமர்சனத்தை மட்டும் படித்துவிட்டு, அதைக் கண்ணால் பார்க்காமலே, தன் கற்பனையில் ஒன்றை எழுதினான். மண்ணைத் தோண்டி வைரம் எடுக்க வேண்டும். பாறைக்கு அடியில் தோண்டினால் அது தலையில் விழும். உருண்டையான ஒன்றின் மேல் நின்றால் பக்கவாட்டில் சரியும். முட்டை கீழே விழுந்து உடைந்தால் உள்ளே இருந்து பிராணி ஒன்று வெளியே வந்து துரத்தும், அதன் தலையில் இன்னொரு பாறையைப் போட்டுத்தான் தப்பிக்க வேண்டும். இதில் விரல் வேகத்தைவிட யோசனைக்குத்தான் வேலை அதிகம். பையனிடம் ஒரு கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்து, நிலையை வரைந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடித்த நிலைகளுக்குக் கடவுச்சொல் உண்டு, அதனால் நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாவது ரெப்டனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய பூதம். மூன்றாவதில், 1986-இல் வந்ததில், நிலைகளை நாமே வடிவமைக்கும் வசதி இருக்கிறது. பையன் ஒன்று செய்து "அம்மா, இதை முடிச்சுக் காட்டு பார்ப்போம்" என்று உங்களிடம் நீட்டும் நாள் வரும். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று இமோஜென். 1986, மைக்ரோ பவர். மந்திரவாதி ஒருவன் பூனையாகவும் குரங்காகவும் உருமாறிப் புதிர்களைத் தாண்ட வேண்டும். பூனையாக இருந்தால் தாவலாம், குரங்கானால் கயிறு ஏறலாம், மனிதனாக இருந்தால்தான் பொருளை எடுத்துப் பயன்படுத்தலாம். இதில் சாவே கிடையாது. உருமாறும் எண்ணிக்கைதான் கணக்கு, அது தீர்ந்தால் மறுபடி யோசிக்க வேண்டியதுதான். தோற்றுப் போனால் கோபம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் விளையாட்டு இதுதான்.

கிரானிஸ் கார்டன் பற்றி யாராவது சொல்வார்கள். 1983-இல் பிரிட்டனின் ஆரம்பப் பள்ளிகளுக்காக மைக் மேட்சன் எழுதியது. அந்த நாட்டில் ஒரு தலைமுறையே அதில் வரும் சூனியக்காரியைக் கண்டு பயந்து வளர்ந்தது. அதன் மேல் அங்கே இருக்கும் பாசம் நியாயமானது. ஆனால் அந்தப் பாசம் வகுப்பறை நினைவிலிருந்து வருகிறது. உங்கள் பையன் ஒரு தடவை பார்க்கட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்களுக்காக, பையன் தூங்கிய பிறகு விளையாட, இரண்டு சொல்கிறேன். ஒன்று த்ரஸ்ட். 1986, எழுதியவர் ஜெரமி ஸ்மித். ஒரு சின்ன விண்கலம், கீழே இழுக்கும் ஈர்ப்பு, சுரங்கத்தின் அடியில் ஒரு கனமான உருண்டை. உருண்டையைத் தூக்கியதும் அது ஒரு கம்பியில் தொங்கியபடி ஊசலாட ஆரம்பிக்கும். நீங்கள் இடது பக்கம் போனால் அது வலது பக்கம் உங்களை இழுக்கும். இயற்பியல் ஆசிரியர் மகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இன்னொன்று தி சென்டினல், அதே வருஷம், ஜெஃப் கிராமண்ட். உயரமான இடத்தில் நின்று மெல்லத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் ஒரு காவலன். அவன் பார்வை உங்கள் மேல் படாமல், மரங்களின் சக்தியை உறிஞ்சி, அதைக்கொண்டு பாறையடுக்கி, படிப்படியாக அவனைவிட உயரே ஏற வேண்டும். 10,000 நிலப்பரப்புகள். ஆரவாரமே இல்லாத விளையாட்டு, ஆனால் அவன் முகம் உங்கள் பக்கம் திரும்பும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். சதுரங்கம் பிடித்தவர்களுக்கு இது பிடிக்காமல் போனதை நான் பார்த்ததில்லை.

இவை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பிபிசி மைக்ரோ ஆர்வலர்கள் நடத்தும் விளையாட்டுக் காப்பகம் இணையத்தில் இருக்கிறது. அங்கேயே, எதையும் இறக்காமல், பிரவுசரில் விளையாடிப் பார்க்கலாம். அப்படி ஓடுவது மேட் காட்போல்ட் எழுதிய ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டர். பெட்டிக்குச் செலவு செய்யும் முன் அதில் பார்த்து முடிவு செய்யுங்கள். அசல் இயந்திரத்தில் ஏற்ற, யூசர் போர்ட் என்ற இணைப்பில் செருகும் எஸ்டி கார்டு பலகையும் அதற்கான ரோம் சில்லும் வாங்கினால் போதும். ஒரே கார்டில் 511 டிஸ்க்குகளின் நகல் அடங்கும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு பிரேக் விசையைத் தட்டினால் விளையாட்டு தானே தொடங்கும். பிரேக் விசையைப் பற்றிப் பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வலது மேல் மூலையில் இருக்கும், தெரியாமல் பட்டால் மொத்த ஆட்டமும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை பிபிசி கணினிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசைப்படாதீர்கள். அது 128 கேபி உள்ள பிபிசி மாஸ்டருக்கு, உங்களிடம் இருப்பதில் ஓடாது.

இனி நோட்டுக்கு வருகிறேன்.

லேவ், டிசோ, லீஸ்டி, ஸாவோன்ஸ் எல்லாம் ஊர்கள் அல்ல, கிரகங்கள். உங்கள் அப்பாவும் கணக்கு வாத்தியாரும் ராத்திரி எட்டு மணி வரை விளையாடியது எலைட். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்கள் எழுதி, 1984 செப்டம்பரில் அகார்ன்சாஃப்ட் வெளியிட்டது. இந்த இயந்திரத்துக்காகவே எழுதப்பட்டவற்றில் தலைசிறந்தது. கையில் ஒரு கப்பல், 100 கிரெடிட் பணம், லேவ் என்ற கிரகத்தைச் சுற்றும் நிலையம். அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் வாங்கி விற்கலாம். இதை ஒரு பெரிய நிறுவனத்திடம் முதலில் காட்டியபோது, மூன்று உயிர் வேண்டும், பத்து நிமிஷத்தில் ஆட்டம் முடிய வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எலைட்டுக்கு முடிவே கிடையாது.

எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகத் தொகுதிகள், மொத்தம் 2,048. ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆட்சி முறை, தொழில், மக்கள்தொகை. 32 கேபி-க்குள் இவ்வளவையும் எழுதி வைக்க முடியாது, எழுதி வைக்கவும் இல்லை. மூன்று எண்களை விதையாக எடுத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டி அடுத்ததை, அதைக் கூட்டி அதற்கடுத்ததை என்று ஃபிபனாச்சி தொடர் போல வளர்த்துக்கொண்டே போகிறார்கள். கிரகத்தின் பெயர்கூட அந்த எண்களிலிருந்துதான் பிறக்கிறது. அதனால்தான் அந்தக் காலத்தில் உங்கள் அப்பா பார்த்த லேவும் இன்று நீங்கள் பார்க்கப்போகும் லேவும் ஒன்றே. ஒரு கணக்கு ஆசிரியரும் ஒரு இயற்பியல் ஆசிரியரும் இதைக் கண்டுகொண்ட பிறகு எட்டு மணிக்கு எழுந்துபோனதே பெரிது என்பேன்.

எண்களைப் பாருங்கள். லேவின் பக்கத்தில் 4-ஐ ஒட்டி ஒரு எண் இருந்தால் அது ஒரு டன் உணவின் விலை. லேவ் விவசாயக் கிரகம். லீஸ்டி தொழில் கிரகம், அங்கே அதே உணவு 6 கிரெடிட் பக்கம் போகும். லீஸ்டிக்கு நேராக 70 சொச்சமும் டிசோவுக்கு நேராக 95-ஐ ஒட்டியும் எண்கள் இருந்தால் அவை விளையாட்டில் சரக்காக விற்கப்படும் கணினியின் விலை. லீஸ்டியில் வாங்கி டிசோவில் விற்பது எலைட் விளையாடியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கண்டுபிடிக்கும் வழித்தடம். அப்பா அதைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்திருக்கிறார். ரீட்க்வாட்டின் மேல் ஏன் சிவப்பு மை என்று கேட்டீர்களே, அங்கே ஆட்சியே கிடையாது. நிலையத்தை எட்டுவதற்குள் கொள்ளையர்கள் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்வார்கள். ஆரம்பக் கப்பலோடு போனவர் யாரும் சரக்கோடு திரும்பியதில்லை. அப்பா அங்கே ஒரு முறையாவது போய் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்.

எலைட்டைப் பையனிடம் தனியாகக் கொடுக்காதீர்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். 80 கிரெடிட்டுக்கு 20 டன் உணவு வாங்கினால் கப்பலின் சரக்கு அறை நிறைந்துவிடும். எஃப்0 விசை நிலையத்திலிருந்து வெளியேற்றும். எஃப்5 அருகிலுள்ள கிரகங்களின் வரைபடம். லீஸ்டியைக் குறித்துவிட்டு எச் விசையை அழுத்தினால் பயணம். சுழன்றுகொண்டிருக்கும் நிலையத்துக்குள் கப்பலை நுழைப்பதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். நிலையத்தின் வாசல் எப்போதும் கிரகத்தைப் பார்த்தபடிதான் இருக்கும். அதனால் முதலில் நிலையத்துக்கும் கிரகத்துக்கும் நடுவே போய், நன்றாகத் தள்ளி நின்று, திரும்பிப் பாருங்கள். வாசல் திரையின் நட்டநடுவில் வந்த பிறகுதான் முன்னேற வேண்டும். வேகத்தைக் குறைத்து, நிலையம் சுழலும் அதே வேகத்தில் கப்பலையும் சுழற்றி, கோடு மாதிரி இருக்கும் வாசல் படுக்கையாகத் தெரியும்போது நுழையுங்கள். பத்து முறை மோதிச் சிதறுவீர்கள். பதினோராவது முறை உள்ளே போவீர்கள். தானாக நுழைக்கும் கருவி 1,500 கிரெடிட்டுக்குக் கிடைக்கும், ஆனால் கையால் நுழையக் கற்றுக்கொண்ட பிறகு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். கேசட்டுகளைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், எதன் மேலும் புதிதாகப் பதியாதீர்கள். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் பற்களை உடனே உடைத்துவிடுங்கள், அப்போது தெரியாமல்கூட யாரும் அழிக்க முடியாது. ஒரு நல்ல டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு லேப்டாப்பில் ஒலியாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிபிசி-யில் நட்சத்திரக் குறி போட்டு டேப் என்று அடித்து ரிட்டர்ன், அடுத்து நட்சத்திரக் குறி போட்டு கேட் என்று அடித்து ரிட்டர்ன். கேசட்டை ஓடவிட்டால் அதில் பதிந்திருக்கும் கோப்புகளின் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக வரும்.

எலைட்டில் ஆட்டத்தைச் சேமித்தால் கமாண்டரின், அதாவது விளையாடுபவரின், பெயரில்தான் கோப்பு பதிவாகும். ஏழு எழுத்துக்கு மிகாத பெயர், ஒரே பிளாக்கில் முடிந்துவிடும் மிகச் சிறிய கோப்பு. யாரும் மாற்றாவிட்டால் ஜேம்சன் என்று இருக்கும். அப்பா மாற்றியிருந்தால் அவர் பெயரோ, கணக்கு வாத்தியார் பெயரோ, யார் கண்டது, உங்கள் பெயரோ இருக்கலாம். அப்படி ஒரு பெயர் வந்தால், எலைட்டை ஏற்றி, தொடக்கத்தில் புது கமாண்டரை ஏற்ற வேண்டுமா என்று அது கேட்கும்போது ஒய் விசையை அழுத்தி அந்தக் கோப்பை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கடைசியாக நின்ற கிரகம், கையிலிருந்த பணம், சரக்கு அறையில் விற்காமல் மிச்சம் வைத்த பொருள், எல்லாம் அப்படியே வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கிரகம் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.